பாவு அறுத்த நாய்

துளசிராமின் பாவு அறுந்த அன்று காலையில் அந்தத் தெருவில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடவில்லை. எல்லோரும் வாசலுக்கு வந்து, நாயைத் திட்டி, நாயை வளர்த்தவளைத் திட்டி, அவளை வீட்டில் வைத்திருக்கிற அண்ணனைப் பார்த்து உச்சுக்கொட்டி முடிக்கவே மணி பத்தாகிவிட்டது. அடுத்தவன் வீட்டு நாய் தப்புச் செய்தால் பசிகூடத் தெரியாது போலிருக்கிறது.

மதுரையில் மகாலுக்குப் பின்னால் இருக்கிற நெசவுத் தெரு அது. எண்பத்தொன்றாம் வருஷத்து மார்கழி. விடிந்ததும் கோலத்தை மிதிக்காமல் மூங்கில் கால்களை நிறுத்தி, தெரு நீளத்துக்குப் பாவு நூலை விரித்துக் கட்டி, சோற்றுக் கஞ்சி தடவி, பெரிய புருசால் இழுத்து இழுத்து ஆற்றுவார்கள். கஞ்சி ஏறின பாவுதான் தறியில் தாங்கும். பாவு விரித்திருக்கிற நேரத்தில் அந்தத் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். கோயில் மாடுகூட ஓரமாக ஒதுங்கிப் போகப் பழகியிருந்தது. அப்படிப்பட்ட தெருவில், ஒரு வயதுகூட நிரம்பாத செவலை நாய் ஒன்று பாவு நேரத்தில் முதல்முறையாக அலர்மேல்மங்கை வீட்டு வாசற்படியைத் தாண்டிக் குதித்து, நேரே போய்த் துளசிராமின் பாவில் விழுந்தது. நக்கியது, கடித்தது, இழுத்தது. ஆள் ஓடிவருவதற்குள் முந்நூறு இழைக்கு மேல் அறுத்துவிட்டது.

நாய்க்குப் பெயர் நாடா. தறியில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிற நாடாவைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. தூங்கும்போதும் அதன் கால்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். “நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை” என்று எவனோ சொல்லிவைத்தது இதைப் பார்த்துத்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அது வந்த கதையும் தெருவுக்குத் தெரியும். ஆடி மாதம் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு வீட்டில் சுங்குடிச் சேலையைக் கொடுத்துவிட்டு அலர்மேல்மங்கை திரும்பி வந்துகொண்டிருந்தாள். நாய் பிடிக்கிற வண்டி நின்றிருந்தது. கூண்டுக்குள் ஏழெட்டு நாய்கள். கடைசியாகப் பிடிபட்ட குட்டி, கம்பிக்கு நடுவே மூக்கை நீட்டி, போகிற வருகிறவர்களைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. சாகப்போகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு வாலாட்டுகிறதே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. இது என் நாய், இறக்கி விடு என்றாள். உங்கள் நாய் என்றால் கழுத்தில் பட்டை எங்கே என்று கேட்டான் பிடிக்கிறவன். அவள் அங்கேயே நின்று தன் சேலை முந்தானையில் ஒரு முழத்தைக் கிழித்து, கம்பிக்குள் கையை விட்டுக் குட்டியின் கழுத்தில் கட்டினாள். “இந்தா பட்டை. இப்பக் கதவைத் தொற” என்றாள். அவன் சிரித்துவிட்டான். சிரித்தவனுக்கு அப்புறம் மறுக்க முடியவில்லை.

இந்த அலர்மேல்மங்கைக்கு நாற்பத்திரண்டு வயது. சுங்குடிச் சேலையில் புள்ளி விழ முடிச்சுப் போடுகிறவள். அவள் விரல் போடுகிற முடிச்சு கடுகை விடச் சின்னது. இருபது வயதில் அவளைப் பரமக்குடியில் கொடுத்தார்கள். அந்த வீட்டில் அவளைத் தறிக்கூடத்தில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போவார்கள்; சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் மட்டும் திறப்பார்கள். பதினாலு மாதம் பொறுத்தாள். ஒரு நாள் தாழ்ப்பாள் போட மறந்தார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்தவளை அண்ணன் ஹரிநாராயணன் உடனே உள்ளே விட்டுவிடவில்லை. சொந்தக்காரர்களைக் கூட்டிப் பேசி முடிக்கிற வரைக்கும், மதியத்திலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும், அவள் வாசலில் பெட்டியோடு நின்றாள். தெரு பார்த்தது. வாழாவெட்டி என்று பெயரும் வைத்தது. அவள் அழவில்லை என்பதைத்தான் தெருவால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பாவு அறுந்த அன்று சாயங்காலம் ஹரிநாராயணன் வீட்டுக் கூடத்தில் தெருப் பெரியவர்கள் கூடினார்கள். அவர்கள் பேசுவது சௌராஷ்டிர மொழி. ஹரிநாராயணன் மட்டும் கோபம் வந்தால் தமிழுக்குத் தாவிவிடுவார். திட்டுவதற்குத் தமிழ்தான் வசதி என்பது அவர் கட்சி. அன்று அவர் முழுக்கத் தமிழில்தான் பேசினார். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் நாய் நாய்தான் என்பதில் தொடங்கி, வீட்டில் ஒரு பாரம் போதாதா என்பது வரைக்கும் போனார். நாய்க்கு வெறி பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர். வண்டிக்குச் சொல்லிவிட்டேன், அடுத்த திங்களுக்கு அடுத்த திங்கள் வரும், அதற்குள் நாய் இந்தத் தெருவை விட்டுப் போயிருந்தால் சரி, இல்லையென்றால் வண்டியில் போகட்டும் என்று துளசிராம் முடித்தார். அவர் கெட்டவர் இல்லை. பாவு அறுந்தவர்.

அறுந்த இழை அத்தனையையும் நானே முடிந்து தருகிறேன் என்றாள் அலர்மேல்மங்கை.

இரண்டு நாள் துளசிராம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் இழையாக எடுத்து முடிந்தாள். நாடாவைத் தூணில் கட்டியிருந்தாள். இரண்டாம் நாள் மதியம் துளசிராம் மனைவி கனகலட்சுமி வழக்கம்போலப் பாவுக்குக் காய்ச்சின கஞ்சியில் மீந்ததை ஒரு சட்டியில் ஊற்றி அவள் பக்கத்தில் வைத்தாள். வழக்கம்போல என்றால், ஐந்து மாதமாகவே அப்படித்தான். குட்டி வந்த நாளிலிருந்து பாவுக் கஞ்சியின் மிச்சம்தான் அதற்குச் சாப்பாடு. நெசவுத் தெருவில் வீட்டுக்கு வீடு மீந்துபோகிற பொருள் அது. வீணாகப் போவது ஒரு வாயில் போகட்டுமே என்று இரண்டு பெண்களும் நினைத்தார்கள். கஞ்சியைக் கண்டதும் நாடா கட்டை அறுத்துக்கொண்டு வந்துவிடும் போலக் குதித்தது. அவள் சட்டியைத் தள்ளிக் கொடுத்தாள். அதைக் குடித்து முடித்துவிட்டு நாடா அவள் மடியில் கிடந்த நூலை நக்க ஆரம்பித்தது. அதே வாசனை. அதே ருசி.

அலர்மேல்மங்கையின் விரல் நின்றுவிட்டது. நாய்க்கு வெறியும் இல்லை, ஒன்றும் இல்லை. தெரு நீளத்துக்குத் தட்டு போட்டுச் சாப்பாடு பரிமாறியிருக்கிறார்கள் என்று அது நினைத்திருக்கிறது. அப்படி நினைக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? அவளேதான்.

இதை வெளியே சொல்லாதே என்றார் அண்ணன். நாயின் தப்பு நாயோடு போகட்டும், உன் தலையில் ஏன் போட்டுக்கொள்கிறாய் என்றார். அவள் நேரே துளசிராமிடம் போய், வாசலில் நாலு பேர் நிற்கும்போதே சொன்னாள்: தப்பு நாயுடையது இல்லை, என்னுடையது, வெறி என்று இனி எவராவது சொன்னால் அவர் வாசலில் வந்து நிற்பேன்.

துளசிராம் யோசித்தார். அப்படியென்றால் ரொம்ப மோசம் அலமேலு என்றார். வெறும் குறும்பு என்றால் அடித்துத் திருத்தலாம். இது பாவையே தட்டு என்று நினைக்கிறது. தினம் பத்துப் பாவு விரிகிற தெருவில் இதை எப்படி வைத்துக்கொள்வது?

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சுற்றுவட்டாரம் முழுக்க நெசவுக்காரர்கள். ஒரு வீட்டிலும் இதைக் கொடுக்க முடியாது. வேறு இடம் பார்க்க வேண்டும், அதுவும் பத்து நாளைக்குள்.

முதலில் கிடைத்த இடம் பசுமலையில் கண்ணுச்சாமி என்கிற ஓய்வுபெற்ற தாசில்தார் வீடு. அவர் மனைவிக்கு இவள் சுங்குடிச் சேலை கொடுத்துப் பழக்கம். பெரிய காம்பவுண்டு, கொய்யா மரம், காற்று. திருடன் பயம் இருக்கிறது, ஒரு நாய் வேண்டும் என்றார்கள். நாடா காம்பவுண்டை ஏழு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கண்ணுச்சாமியின் வேட்டியில் மண்ணைப் பூசியது. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பி விட்டுவிட்டு வந்தாள்.

தெருவில் எல்லோரும் நல்லபடியாகப் பேச ஆரம்பித்தார்கள். ஹரிநாராயணன் சௌராஷ்டிரப் பேச்சுக்குத் திரும்பினார்.

அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் சேலை பாக்கி என்று ஒரு பொய் சொல்லிக்கொண்டு பசுமலைக்குப் போனாள். நாடா கார் ஷெட்டுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு முழச் சங்கிலி. சங்கிலி எட்டுகிற வரைக்கும் ஓடி ஓடி, மண் வட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. கழுத்துத் தோல் உரிந்திருந்தது. அவளைக் கண்டதும் வாலாட்டியது. கூண்டுக்குள் ஆட்டினதே, அதே மாதிரி.

கண்ணுச்சாமி வெளியே வந்து, நாய் என்றால் கட்டித்தானே போட வேண்டும், விட்டால் பூந்தொட்டியை உடைக்கிறது என்றார். நியாயமாகத்தான் பேசினார். அலர்மேல்மங்கைக்கு அவர் பேச்சு காதில் விழவில்லை. பரமக்குடித் தாழ்ப்பாள்தான் கேட்டது. குனிந்து சங்கிலியைக் கழற்றினாள். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது அழகா என்று அவர் கேட்டதற்கு, “அழகு இல்லைங்கய்யா. ஆனா கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்தாள். பசுமலையிலிருந்து மகால் வரைக்கும் நடந்தே வந்தாள். வழியெல்லாம் நாடா அவளைச் சுற்றிச் சுற்றி ஓடியதில் அவள் ஒரு மடங்கு நடந்தாள் என்றால் அது நாலு மடங்கு நடந்தது.

வாசலில் ஹரிநாராயணன் நின்றிருந்தார். தமிழ் வந்துவிட்டது.

“குடுத்த வீட்டுல இருந்து திரும்பிக் கூட்டிட்டு வர்றாளே. ஊரு சிரிக்காதா? ஒரு தரம் சிரிச்சது போதாதா?”

“என்னை யாரும் கூட்டிட்டு வரலண்ணா. நானாத்தான் வந்தேன். அதுக்கு பஸ் ஏறத் தெரியாது. அதான் நான் போனேன்.”

 அவரைத் தாண்டி நாய் முதலில் உள்ளே போனது, பின்னால் அவள் போனாள்.

இன்னும் மூன்று நாள். அன்று நூல் மூட்டை இறக்க வந்த சோணைமுத்து இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். பேரையூர்ப் பக்கத்துக்காரன். அவன் சொன்னான், அக்கா, எங்கள் ஊரில் என் மச்சான் விருமாண்டி வேட்டை நாய் வைத்திருக்கிறான், ஓடுகிற நாய் என்றால் அவனுக்கு உயிர், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள் என்று. ஓடுகிற நாய்க்கு ஓடுகிற வேலை. அவளுக்கும் சரியென்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே போய் நின்றாள். கண்டக்டர் நாயை ஏற்ற மாட்டேன் என்றார். பின்சீட்டில் ஒருவர் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்தார். அதற்கு அடியில் சாக்குக்குள் இரண்டு கோழி. அலர்மேல்மங்கை படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நகரவில்லை.

“அந்த ஆட்டை அறுக்கக் கொண்டுபோறாங்க, ஏத்திக்கிட்டீங்க. இதை வாழக் கொண்டுபோறேன், ஏத்த மாட்டீங்களா?”

பஸ்ஸில் இருந்தவர்கள் கண்டக்டரைப் பார்த்தார்கள். அவர் விசிலை ஊதிவிட்டு, திருமங்கலம் வரைக்கும்தான், அதற்குமேல் உங்கள் பாடு என்றார். திருமங்கலத்தில் பஸ் மாறும்போது இதே சண்டையை இன்னொரு தரம் போட்டாள். இரண்டாவது தரம் சண்டை சுலபமாக இருந்தது.

விருமாண்டி நல்ல மனிதன். நாயைத் தெரிந்தவன். நாடாவின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான், தொடையைப் பிடித்துப் பார்த்தான், பல்லைப் பார்த்தான். இப்படியொரு நுரையீரலை நான் பார்த்ததில்லை என்று மனதாரச் சொன்னான். அவன் வீட்டுக் கொல்லையில் ஆறு நாய்கள் கிடந்தன. எல்லாம் வயிறு ஒட்டி, விலா எலும்பை எண்ணிவிடலாம் போல. இரண்டு நாள் பட்டினி போட்டால்தான் முயலைக் கண்டதும் பறக்கும் என்று விளக்கினான். அதில் அவனுக்கு ஒளிவுமறைவு இல்லை.

முயல் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பிடிக்காத நாயை மலையடிவாரத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவோம் என்றான். மழை பெய்தால் எங்கே படுக்கும் என்று கேட்டாள். வயதானால் என்ன ஆகும் என்று கேட்டாள். விருமாண்டிக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏந்தாயி, நாயைக் குடுக்க வந்தீகளா, பொண்ணைக் குடுக்க வந்தீகளா?”

“பொண்ணைக் குடுத்தப்ப எங்க வீட்டுல இம்புட்டுக் கேக்கல. அதான் இப்பக் கேக்குறேன்.”

விருமாண்டி உள்ளே போனான். அப்புறம் அவனே ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்து, பஸ் வர இன்னும் மூன்று மணி நேரம் ஆகும், நிழலில் இருங்கள் என்றான். அவள் மோரைக் குடித்துவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டாள். நாளைக்குத் திங்கட்கிழமை. கொண்டுபோய்க் கொடுக்க உலகத்தில் இன்னொரு வீடு இல்லை. அழுகை வந்தது. வண்டிக்காரனிடம் இன்னொரு முந்தானையைக் கிழித்துக் கொடுக்க வேண்டியதுதான், இந்த முறை அவன் சிரிக்காவிட்டால் வண்டி முன்னால் படுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே வண்டிப்பாதையில் நடந்தாள்.

பாதைக்கு இரண்டு பக்கமும் சோளம். கருது, அதாவது கதிர், பால் பிடித்து முற்றிக்கொண்டிருக்கிற சமயம். திடீரென்று ஒரு சோளக்காட்டின் தென்மூலையில் கிளிக்கூட்டம் இறங்கியது. அவ்வளவுதான். நாடா ஓர் இழுப்பு இழுத்தது, கயிறு கையை அறுத்துக்கொண்டு போயிற்று. சோளத்துக்குள் நாய் தெரியவில்லை, குரைப்புதான் ஓடியது. தென்மூலையில் கிளிகள் எழும்பின. வடக்கே போய் உட்கார்ந்தன; குரைப்பு வடக்கே போயிற்று. ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மயில்கள் அலறிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குப் பறந்தன.

போச்சு, இன்னொரு பாவும் அறுந்தது என்று அலர்மேல்மங்கை வரப்பில் விழுந்தடித்து ஓடினாள். காட்டுக்கு நடுவே ஒரு பரண். பரண் மேல் ஐம்பது வயது இருக்கும் ஒரு பெண், ஒரு கையில் கவண், ஒரு கையில் தகரம், இரண்டையும் மறந்துவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரு நாயி தாயி அது?” என்று மேலிருந்து கேட்டாள்.

என் நாய்தான், மன்னித்துக்கொள்ளுங்கள், பிடித்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள் இவள்.

“பிடிக்காத. ஓடட்டும்.”

அவள் பெயர் சீனியம்மாள். பரணிலிருந்து இறங்க அவளுக்கு நேரம் பிடித்தது. கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கால் மடங்குவதில்லை. புருஷன் இல்லை. காட்டை அவளே உழவைத்து, விதைத்து, களை எடுத்து வைத்திருக்கிறாள். எல்லாம் சரி, காவல்தான் ஆகவில்லை. போன வருஷம் பாதியைக் கிளியும் மயிலும் தின்றுவிட்டன. கொழுந்தன் நல்லகாமன், கால் போனவளுக்குக் காடு எதற்கு, என்னிடம் விட்டுவிடு என்று ஊரைக் கூட்டிச் சொன்னான். இந்த வருஷம் கருது வீடு வந்து சேராவிட்டால் விட்டுவிடுவதாக ஊர் முன்னால் அவளைச் சொல்ல வைத்துவிட்டார்கள். அதனால் கார்த்திகை கடைசியிலிருந்து பகலெல்லாம் பரணே வீடு. ஆனால் கவண் கல் எதுவரைக்கும் வரும் என்று கிளிக்குத் தெரிந்துவிட்டது, தென்மூலைக்கு எட்டாது, அங்கே உட்கார்ந்து நிம்மதியாகத் தின்கிறது என்றாள். இதையெல்லாம் சொல்லும்போது அவள் கண் காட்டைச் சுற்றுகிற குரைப்பின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

வேப்பமரத்துக் கிளையில் சீனியம்மாளின் தூக்குச்சட்டி தொங்கியது. அவள் அதை இறக்கி மூடியைத் திறந்தாள். சோளக்கஞ்சி. காட்டின் அந்தக் கடைசியில் இருந்த நாடா, யாரும் கூப்பிடாமலே அம்பு மாதிரி வந்து சட்டிக்கு முன்னால் நின்றது. உடம்பு முழுக்க ஆடியது.

அலர்மேல்மங்கை நாயின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாவு அறுத்ததை மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பரமக்குடிக்காரர்கள் தாழ்ப்பாளை மறைத்துத்தான் பெண் கேட்டார்கள். அவள் சொல்லிவிட்டாள். இது கஞ்சி வாசனை கண்டால் நிற்காது, எங்கள் தெருவில் கஞ்சி போட்ட பாவை அறுத்துவிட்டது, அதற்காகத்தான் இதைக் கொல்ல நிற்கிறார்கள், நாளைக்குக் காலையில் வண்டி வருகிறது, இதன் குறை இதுதான், வேறு ஒன்றும் இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

சீனியம்மாள் கேட்டுவிட்டுத் தூக்குச்சட்டியைக் கையில் எடுத்தாள்.

“எங்க வீட்டுல பாவு இல்ல தாயி. கஞ்சிதேன் இருக்கு.”

சொல்லிவிட்டு ஒரு குழிவான கல்லில் தன் பங்கில் பாதியை ஊற்றினாள். நாடா சத்தம் போட்டுக் குடித்தது. பேர் சொன்னால் வருமா என்று கேட்டாள். பேர் சொன்னால் வராது, கஞ்சி என்றால்தான் வரும் என்றாள் இவள். மனுஷனே அதற்குத்தானே வருகிறான் என்றாள் சீனியம்மாள்.

அலர்மேல்மங்கைக்கு விருமாண்டியிடம் கேட்டதெல்லாம் மீதம் இருந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டாள். மழைக்குப் பரணுக்கு அடியில் என்றாள் சீனியம்மாள். ராத்திரிக்கு வீட்டுக்குள் என்றாள். கடைசியாக, கேட்கப் பயந்துகொண்டிருந்ததைக் கேட்டாள். அறுப்பு முடிந்துவிடும், கிளி போய்விடும். அதற்கப்புறம்?

“அறுப்பு முடிஞ்சா எனக்குந்தேன் வேலை இல்ல. என்னைய யாரு வெரட்டுறா? ரெண்டு பேரும் நெழல்ல கெடப்போம்.”

“கட்டிப் போடுவீங்களா அக்கா?”

“கட்டுறதுக்கு எங்கிட்ட வாளிக்கே கயிறு இல்ல. இருக்கப் பிடிச்சா இருக்கட்டும். பிடிக்கலையா, வந்த வழி கெடக்கு.”

வந்த வழி கிடக்கிறது. இந்தச் சொல்லை இருபது வருஷத்துக்கு முன்னால் யாராவது ஒருத்தர் தன்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று அலர்மேல்மங்கைக்கு இருந்தது. அவள் மண்டிபோட்டு நாடாவின் கழுத்திலிருந்து கயிற்றையும் முந்தானைத் துணியையும் அவிழ்த்தாள். புண் ஆறிக்கொண்டிருந்தது. துணியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வண்டிப்பாதை வரைக்கும் நாடா கூடவே வந்தது. அவள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நடந்தாள். பின்னால் பரணில் தகரம் ஒலித்தது. தென்மூலையில் கிளி இறங்கியிருக்க வேண்டும். நாடா நின்றது. அவளைப் பார்த்தது, காட்டைப் பார்த்தது. பிறகு காட்டுக்குள் பாய்ந்தது. அந்தக் குரைப்பு பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்டது. திருமங்கலம் வரைக்கும் அவள் அழுதுகொண்டே வந்தாள். சந்தோஷமும் துக்கமும் எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரி சாவா என்று விசாரித்தாள். இல்லை, ஒரு நல்லது என்றாள்.

திங்கட்கிழமை காலையில் சொன்னபடி வண்டி வந்தது. தெருவில் பாவு விரித்திருந்ததால் முனையிலேயே நிறுத்திவிட்டுக் கயிற்றுடன் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். அதில் ஒருவன் தெப்பக்குளத்தில் அன்று குட்டியை இறக்கிவிட்டவன். அவளை அடையாளம் தெரிந்து இளித்தான். புருசைப் பிடித்தபடி துளசிராம் நின்றார். வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள். அவள் வாசலை மறித்துக்கொண்டு நடுவில் நின்றாள். இருபது வருஷத்துக்கு முன்னால் பெட்டியோடு நின்ற அதே இடம்.

நாய் எங்கேம்மா என்றான் அவன்.

“இங்க இல்ல. வேலைக்குப் போயிருக்கு.”

யாரோ சிரித்தார்கள். நாய்க்கு என்னம்மா வேலை என்றான் இரண்டாமவன். பேரையூர்ப் பக்கம் சோளக்காட்டுக்குக் காவல், நிற்க நேரமில்லை அதற்கு, வேண்டுமென்றால் போய்ப் பாருங்கள், பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்பார்கள், சண்டை போட்டுத்தான் ஏற வேண்டும் என்றாள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. துளசிராம் புருசைக் கஞ்சியில் தோய்த்து எடுத்து, தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார். வண்டிக்காரர்கள் வந்த வழியே போனார்கள்.

கூடத்திலிருந்து ஹரிநாராயணன் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு, கோபமில்லாத மொழியில், அதாவது அவர்கள் வீட்டு மொழியில், மெதுவாகக் கேட்டார். அந்த நாய்க்கு அந்த இடமும் பிடிக்காமல் ஒரு நாள் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வாய்?

அலர்மேல்மங்கை தமிழில் பதில் சொன்னாள், தெரு முழுக்கக் கேட்கும்படி.

“வரட்டும். வந்தா வாசல்ல நிக்க வெக்க மாட்டேன்.”

ஹரிநாராயணன் உள்ளே போனார். அவள் இடுப்பிலிருந்த துணியை எடுத்து உதறி, வாசல் கதவின் தாழ்ப்பாளில் கட்டி, தாழ் விழாதபடி இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் பகலில் யாரும் கதவைத் தாழிட்டதில்லை.